பன்னிரண்டாவது பீஸ்

அந்தப் பனியன் கம்பெனியின் அறுபது மெஷின்களிலும் தைத்துக்கொண்டிருந்தவை கோகிலவாணியின் கைகள். ஆறு வருடங்களில் ஒருமுறைகூட அவள் அவற்றைப் போய்ப் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஃபோன் வந்தது. பேசியது ஓர் இளம்பெண்ணின் குரல்.

"கோகிலவாணி அக்காதானே? நான் மிருதுளா. கம்பெனியில இன்ஜினியர். உங்க கையில ஒரு சின்ன சந்தேகம். நேர்ல வந்தீங்கன்னா நல்லது."

"கையிலயா? கை நல்லாத்தானுங்க இருக்குது."

"உங்ககிட்ட இருக்கற கை இல்லக்கா. எங்ககிட்ட இருக்கற கை."

மாதாமாதம் வரும் கைப்பங்கு நின்றுவிடுமோ என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. மகள் தாரணி கோயம்புத்தூரில் டாக்டருக்குப் படிக்கிறாள். இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது.

புடவை மாற்றிக்கொண்டு தெருவில் இறங்கினாள். மூடிக்கிடந்த மெஸ்ஸின் படியில் துரைசாமி உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மாஸ்டர் ஒரு சத்தம் போட்டால் நாற்பது டேபிளும் அடங்கும். இப்போது அவரிடம் மிச்சம் இருப்பது அந்தக் குரல்தான்.

"கைக்காரம்மா எங்கீங் காலைல?"

"கம்பெனிக்குங் மாஸ்டர்."

"கம்பெனிக்கா? அங்க ஏற்கெனவே நீங்க அறுபது பேரு இருக்கறீங்களே. இன்னொருத்தருக்கு எடம் இருக்குமா?"

படியில் இருந்த மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இந்த ஊரில் கைப்பங்கு வாங்குகிறவர்கள் இதற்கெல்லாம் சிரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆறு வருடங்களுக்கு முன் அந்தக் கம்பெனியில் நூற்றிருபது பேர் வேலை பார்த்தார்கள். இரண்டு கை உள்ள மெஷின் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியபோது யாரும் நம்பவில்லை. துணி வழுக்கும், சுருங்கும், இழுத்தால் நீளும். இரும்புக்கு அது வசப்படாது என்றார்கள். ஆனால் அந்த மெஷினை உட்காரவைத்து யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நன்றாகத் தைக்கிற ஒருத்தியின் கைகளில் மெல்லிய சாம்பல்நிறக் கையுறைகளை மாட்டி மூன்று மாதம் வேலை செய்யவிட்டால் போதும். விரல் எங்கே மடங்குகிறது, எங்கே அழுத்துகிறது, எங்கே தளர்கிறது, எல்லாவற்றையும் கையுறை எடுத்துக்கொள்ளும். பிறகு அந்தக் கையை எத்தனை மெஷினுக்குள் வேண்டுமானாலும் ஊற்றலாம்.

ஊரே தெருவில் இறங்கி மறியல் செய்த பிறகு ஒரு சட்டம் வந்தது. எவருடைய கை மெஷினுக்குள் போகிறதோ அவருக்கு, மெஷின் ஓடுகிற வரைக்கும், மாதாமாதம் ஒரு பங்கு. அதற்குக் கைப்பங்கு என்று பெயர். கை போகாதவர்களுக்கு மூன்று மாதச் சம்பளமும் ஒரு குக்கரும் கிடைத்தன.

ஊர் முழுக்கச் சேர்த்தாலும் முந்நூறு பேருடைய கைகள்தான் எடுக்கப்பட்டன. மற்றவர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் இப்போது பாதிக்குப் பூட்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தைக் கேட்பதற்கு முன்னால், "வீட்ல யாருக்காச்சும் கை இருக்குதுங்களா?" என்று கேட்கிறார்கள்.

கோகிலவாணி தைத்த பீஸ், செக்கிங்கிலிருந்து திரும்பி வருவது அபூர்வம். அதனால்தான் நாற்பது டெய்லர்களில் அவளை எடுத்தார்கள். அப்படித் திரும்பி வராததற்குப் பாதிக் காரணம் பேச்சி.

டெய்லருக்குப் பக்கத்தில் நின்று, வெட்டிய துண்டுகளை நேராக்கி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து எடுத்துக் கொடுக்கிறவளைக் கைமடி என்பார்கள். பேச்சியம்மாள் ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து வந்தவள். பதினோரு வருடம் கோகிலவாணியின் இடது பக்கத்தில் நின்றாள். ஒரு பீஸ் முடிந்ததும் கோகிலவாணி இடது கையைப் பக்கவாட்டில் நீட்டி உள்ளங்கையை விரிப்பாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். அடுத்த பீஸ் அதில் வந்து உட்காரும். பன்னிரண்டாவது பீஸ் முடிந்து கை நீளும்போது, துணியை வைப்பதற்கு முன் பேச்சி அந்த உள்ளங்கையின் நடுவில் விரலால் இரண்டு தரம் அழுத்துவாள். ஒரு டஜன் ஆயிற்று என்று அர்த்தம். அந்த இரைச்சலில் வாயால் சொன்னால் கேட்காது. நகத்தால் ஒரு குத்துக் குத்தினால் சூப்பர்வைசர் வருகிறார். சுண்டுவிரலால் கீறினால், வருகிற சூப்பர்வைசர் தலைக்கு டை அடித்திருக்கிறார், நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிடாதே.

கையுறை போட்டிருந்த மூன்று மாதமும் வேலை இப்படித்தான் நடந்தது. கம்பெனிக்காரர்கள் பேச்சியைக் கவனிக்கவே இல்லை. துணியை எடுத்துக் கொடுப்பதெல்லாம் ஒரு வேலையா, அதற்கு ஒரு பெல்ட் போட்டால் போயிற்று என்றார்கள்.

கடைசி நாளன்று மேனேஜர் ஒரு படிவத்தை நீட்டினார். 'இக்கை அசைவுகள் யாவும் வேறு எவருடைய உதவியுமின்றி என்னால் செய்யப்பட்டவை' என்று அதில் இருந்தது. கோகிலவாணி பேனாவைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள்.

"இன்னொருத்தர் பேரைச் சேத்தா கூட்டு வேலை ஆயிடும்மா" என்றார் மேனேஜர். "கூட்டு வேலைக்குப் பங்கு கெடையாது. ரெண்டு பேருக்கும் இல்லாம போயிரும். யோசிச்சுக்க."

யோசிக்க ஒன்றுமில்லை என்று அப்போது பட்டது. கணவன் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. தாரணி பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். கோகிலவாணி கையெழுத்துப் போட்டாள். கீழே சாட்சிக்கு ஓர் இடம் இருந்தது. பக்கத்தில் வேலை பார்த்தவர் யாராவது போட வேண்டும். பக்கத்தில் வேலை பார்த்தவள் ஒருத்திதான்.

"பேச்சி, இங்க ஒரு கையெழுத்துப் போடு" என்று பேனாவை நீட்டினாள். பேச்சி வாங்கிப் போட்டாள்.

பேச்சி சம்பளச் சீட்டைப் படித்துக் கோகிலவாணி பார்த்ததே இல்லை. வாங்கியதும் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்வாள். கைமடிக்கு வருகிறவளுக்குக் கையெழுத்து மட்டும் தெரிந்திருக்கும் என்று கோகிலவாணி நினைத்திருந்தாள். பாதியைப் பேச்சியிடம் கொடுத்துவிடுவது என்று அன்று பஸ்ஸில் போகும்போதே முடிவு செய்தாள். முதல் இரண்டு மாதம் கொஞ்சம் கொடுக்கவும் செய்தாள், எதற்கென்று சொல்லாமல். பிறகு தாரணிக்கு நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. பேச்சி ரூமைக் காலி செய்துவிட்டாள். ஊருக்கே போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். கோகிலவாணி விசாரிக்கவில்லை.

*

மிருதுளாவுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தாரணியை விடக் கொஞ்சம் பெரியவள். மாடியில் கண்ணாடிச் சுவர் போட்ட ஓர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கீழே ஹால் தெரிந்தது.

ஹால் பாதி இருட்டாக இருந்தது. மின்விசிறிகளைக் கழற்றிவிட்டிருந்தார்கள்.

"மெஷினுக்கு வெளிச்சம் வேண்டாம், காத்தும் வேண்டாம்" என்றாள் மிருதுளா. "கூட்டறவங்களுக்காக நாலு லைட் மட்டும் விட்டு வெச்சிருக்கோம்."

கண் பழகியதும் கோகிலவாணிக்குக் கைகள் தெரிந்தன. மணிக்கட்டுக்கு மேல் இரும்பு. மணிக்கட்டுக்குக் கீழே வெளிர்நிற ரப்பர். துணியின் ஓரத்தை ஆள்காட்டி விரலால் லேசாகத் தள்ளி, கட்டைவிரலால் தடவி ஊசிக்குக் கொடுக்கின்ற அந்த விதம் அவளுடையது. வளைவு வருகிற இடத்தில் சுண்டுவிரல் தூக்கிக்கொள்வதும் அவளுடையதுதான். முதல் வருடத்தில் ஊசி ஏறிய விரல் அது. அதன் பிறகு வளைவு வந்தால் தானாக ஒதுங்கிக்கொள்ளும். ஊசியே ஏறாத அறுபது சுண்டுவிரல்கள் அங்கே ஒதுங்கிக்கொண்டிருந்தன.

பீஸ் முடிந்தது. அறுபது இடது கைகளும் பக்கவாட்டில் நீண்டு உள்ளங்கையை விரித்தன. ஒன்றும் இல்லாத இடத்தில் கொஞ்சம் நின்றன. மடங்கித் திரும்பி, முன்னால் ஓடிய பெல்ட்டிலிருந்து அடுத்த பீஸை எடுத்துக்கொண்டன.

"இதுதான்க்கா" என்றாள் மிருதுளா. "பீஸ் முன்னாடி வருது. கை எதுக்கு இடது பக்கம் போகுது?"

கோகிலவாணி கண்ணாடியில் கை வைத்தாள். "இத்தனை நாளா இப்படித்தான் பண்ணுதுங்களா?"

"ஆறு வருஷமா. மெஷின் உங்க கையை அப்படியே கத்துக்கிச்சு. அதுல எது வேணும், எது வேண்டாம்னு அதுக்குத் தெரியாது. நீங்க செஞ்சது எல்லாமே தையல்தான்னு நெனச்சுக்குது. ஏதாவது ஒண்ணை எடுக்கப்போய் தையல் கெட்டுடுமோன்னு முன்னாடி இருந்தவங்க பயந்து விட்டுட்டாங்க. இப்ப மத்த கம்பெனியெல்லாம் எங்களை விட வேகமா போறாங்க. ஒரு பீஸுக்கு முக்கால் நொடி வீணாகுதுன்னு மொதலாளி கணக்குப் போட்டுட்டார்." அவள் தன் திரையைத் திருப்பிக் காட்டினாள். "இன்னொண்ணு பாருங்க. பதினொரு தடவை முக்கால் நொடி நிக்குது. பன்னிரண்டாவது தடவை ஒன்றரை நொடி. அப்பறம் மறுபடியும் பதினொண்ணு. இதுக்கு யாராலயும் காரணம் சொல்ல முடியல."

கோகிலவாணி இடது உள்ளங்கையை மடக்கிக்கொண்டாள்.

"நான் இதைக் கண்டுபிடிச்சதே பதினாலாவது மெஷினால. காலை ஷிஃப்டுல மட்டும் அது மத்ததை விட இத்துணூண்டு வேகமா ஓடுது. ஏன்னு பாத்தா, பன்னிரண்டாவது தடவை கை நீளும்போது சில சமயம் உள்ளங்கையில ரெண்டு அழுத்தம் பதிவாகியிருக்கு. அழுத்தம் பட்டதும் கை திருப்தியாகித் திரும்பிடுது. காத்திருக்கறதில்ல." மிருதுளா குரலைத் தாழ்த்தினாள். "யாரோ தொடறாங்க. கேமராவைப் பாக்கச் சொல்லி மேனேஜர் சொன்னார். நான் இன்னும் பாக்கல."

அப்போதுதான் கோகிலவாணி கீழே அந்தப் பெண்ணைப் பார்த்தாள். முதுகில் பஞ்சு உறிஞ்சும் பெட்டியைக் கட்டிக்கொண்டு, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, மெஷின்களுக்கு நடுவே குழாயை இழுத்துப் போய்க்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை. தெரிய வேண்டியிருக்கவில்லை. பதினோரு வருடம் பக்கத்தில் நின்ற தோள் அது.

"உங்க கையில எதை மாத்தினாலும் உங்க சம்மதம் வேணும். அதுக்குத்தான் கூப்பிட்டேன்" என்றாள் மிருதுளா. "அந்த அசைவு என்னன்னு நீங்க சொல்லணும். வெறும் பழக்கம்னா எடுத்துடுவோம். எடுத்துட்டா, யார் தொட்டதுன்னு யாரும் தேட மாட்டாங்க. விஷயம் முடிஞ்சுது." திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "இல்ல, பக்கத்துல இன்னொருத்தர் இருந்தாங்க, அவங்களுக்காக நீண்ட கைன்னா அது வேற. போன வருஷம் சட்டத்தை மாத்திட்டாங்க. ரெண்டு பேர் கைன்னா ரெண்டு பேரும் பங்கு கேக்கலாம். அவங்க சம்மதம் இல்லாம அசைவை எடுக்கவும் முடியாது."

"ரெண்டு பேருக்கும் வருங்களா?"

"புதுசா பதியறவங்களுக்கு ரெண்டு பேருக்கும் வரும். முன்னாடியே தனியாத்தான் செஞ்சேன்னு எழுதிக் கொடுத்தவங்க பேரை நீக்கிடுவாங்க. இன்னொருத்தருக்கு மட்டும் பாதி வரும். மீதி கம்பெனிக்கு."

மிருதுளா அவள் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னாள். "நீங்க சொல்றதை நான் அப்படியே எழுதியாகணும்க்கா. அதனால இப்பவே சொல்ல வேண்டாம். கீழ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

*

கட்டடத்துக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் பேச்சி முகம் கழுவிக்கொண்டிருந்தாள். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"வாங்க கைக்காரம்மா."

"நீயுமா பேச்சி?"

"ஊரே அப்புடித்தான சொல்றாய்ங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மேல கண்ணாடிக்குப் பின்னாடி நின்ன. பாத்தேன். குண்டாயிட்டக்கா."

"நீ ஊருக்குப் போயிட்டேன்னு சொன்னாங்க."

"போனேன். அங்க மெஷினு களை பறிக்குது. நான் என்னத்தப் பறிக்க? திரும்பி வந்துட்டேன். இங்க கூட்டுறதுக்கு ஆளு எடுத்தாய்ங்க."

"கூட்டறதுக்கு மெஷின் இல்லையா?"

"இருக்காம். என்னைய விட வெல கூடவாம்." பேச்சி சிரித்தாள். ஓரத்துப் பல் ஒன்று போயிருந்தது. "எறங்கிக்கிட்டு வருதுன்னு மேனேஜரு சொன்னாரு. எறங்குனா இன்னொரு குக்கரு குடுப்பாய்ங்க. ஒண்ணுல சோறு, ஒண்ணுல கொழம்பு."

கோகிலவாணியால் சிரிக்க முடியவில்லை. "பதினாலாவது மெஷின்ல தொடறது நீதான?"

பேச்சி குழாயை இறுக்கி மூடினாள். ஏற்கெனவே மூடியிருந்த குழாய். "பாத்துட்டாய்ங்களா?"

"இன்னும் பாக்கல. ஏம் பேச்சி, ஓடற மெஷினுக்குள்ள விரலை விடுவியா? வெட்டிப்போட்டா என்ன பண்ணுவே?"

"உங்கையி என்னைய வெட்டுமா?"

எங்கோ ஒரு லாரி திரும்பும் சத்தம் கேட்டது. பேச்சி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"மொத நா உள்ள போறேன். ஒரே இருட்டு. திடீர்னு அம்புட்டுக் கையும் ஒண்ணா எம்பக்கம் நீளுது. எனக்கு ஒடம்பெல்லாம் ஆடிப்போச்சுக்கா. உங்கையின்னு பாத்த ஒடனே தெரியும்ல எனக்கு? நீட்டிக்கிட்டு நிக்கிது. யாரும் ஒண்ணும் வைக்கல. வெறுங்கையாத் திரும்புது. மறுபடியும் நீளுது. நாளைக்கு எத்தன தரம்? ஒரு நா பொறுக்கல. பதினாலு ஓரமாக் கெடக்கு, கேமராவுக்குத் தெரியாதுன்னு, டஜன் ஆச்சுன்னு சொல்லிப்புட்டேன். ஒடனே மடங்கிருச்சு. சரி, கேட்டுக்கிட்டேங்குற மாதிரி."

"நான் சொல்லிடறேன் பேச்சி." வாயிலிருந்து அது வந்த வேகம் கோகிலவாணிக்கே ஆச்சரியமாக இருந்தது. "இப்ப சட்டம் மாறிடுச்சாம். நீதான் பக்கத்துல இருந்தேன்னு சொன்னா உனக்குப் பங்கு வரும். மாசாமாசம் வரும். இந்தப் பஞ்சுல கெடந்து சாக வேண்டாம்."

"ஒனக்கு?"

"என்ற பேரை எடுத்துருவாங்க."

பேச்சி அவளையே பார்த்தாள். "தாரணி என்ன படிக்கிறா?"

"டாக்டருக்கு. நாலாவது வருசம்."

"ஆத்தி! டேபிளுக்கு அடியில பஞ்சு மூட்டைல படுத்துத் தூங்குமே, அதுவா?" பேச்சியின் முகம் ஒரு கணம் மலர்ந்து பிறகு அடங்கியது. "நீ சொல்ல மாட்டக்கா."

"சொல்றேன்னு சொல்றேனல்ல?"

"அன்னைக்கும் சொல்லல."

"அன்னைக்கு நீ எதுல கையெழுத்துப் போட்டேன்னு உனக்குத் தெரியாது பேச்சி. அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னா..."

"வேறு எவருடைய உதவியுமின்றி" என்றாள் பேச்சி.

கோகிலவாணி அவள் உதட்டையே பார்த்தாள்.

"நானு பத்தாவது பாசுக்கா. தமிழ்ல எம்பத்தொம்பது மார்க்கு. நீ ஒரு நாளும் கேட்டதில்ல." பேச்சி கோபமாகச் சொல்லவில்லை. "பேனாவ எங்கிட்ட நீட்டிப்புட்டு நீ அந்தப் பக்கம் காஜா மெஷினப் பாத்துக்கிட்டிருந்த. நான் முழுசாப் படிச்சேன். இப்பச் சொல்லுவ, இப்பச் சொல்லுவன்னு நின்னேன். நீ திரும்பல."

"அப்பறம் எதுக்குப் போட்டே?"

"நீ கைய நீட்டுனா எதையாச்சும் வைக்கிறது பழகிப்போச்சுல்ல."

உள்ளே மணி அடித்தது. பேச்சி முகத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டாள். கண் மட்டும் தெரிந்தது.

"சொல்லுன்னும் நான் கேக்கல, சொல்லாதன்னும் கேக்கல. அது ஒம்பாடு. அந்தக் கைய மட்டும் எடுக்காம இருந்தாய்ங்கன்னா நல்லாருக்கும். இந்தக் கட்டடத்துல எம்பக்கம் நீள்றது அது ஒண்ணுதான்."

*

மாடிப்படியில் ஏறும்போது கோகிலவாணி வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனாள். அவள் பேர் பேச்சியம்மாள். பதினோரு வருசம் என்ற இடது பக்கம் நின்னவ. அந்தக் கை அவகிட்டப் பீஸ் வாங்கற கை. மூன்று வரிதான். கதவு வரைக்கும் மூன்றும் சரியாக இருந்தன.

மிருதுளா படிவத்தைத் தயாராக வைத்திருந்தாள். ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"சொல்லுங்கக்கா. அந்தக் கை எதுக்கு நீளுது?"

கண்ணாடிக்கு அப்பால் அறுபது கைகளும் நீண்டன. நின்றன. மடங்கின. பேச்சி குழாயோடு இரண்டாம் வரிசையில் இருந்தாள்.

"அதுங்க..." என்று ஆரம்பித்தாள். தாரணி காலையில் புறப்படும்போது வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொள்ளும் விதம் நினைவுக்கு வந்தது. "அந்த அசைவை எடுத்துட்டா, பதினாலாவது மெஷின் விசயத்தை யாரும் தேட மாட்டாங்க இல்லீங்களா?"

"தேட மாட்டாங்க."

"கேமராவைப் பாக்க மாட்டீங்க?"

"மாட்டேன்க்கா."

"அப்படீன்னா எடுத்துருங்க. அது சும்மா ஒரு பழக்கமுங்க. கை வலிக்கும். நீட்டி மடக்குவேன்."

பேச்சியின் வேலை போகாமல் இருப்பதற்காகத்தான் அப்படிச் சொன்னோம் என்று உடனே மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அதை இன்னொரு முறையும் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

மிருதுளா குனிந்து எழுதினாள். எழுதுவதை நிறுத்திவிட்டு, நிமிராமல் கேட்டாள். "பன்னிரண்டாவது தடவை மட்டும் ஏன் ரொம்ப நேரம்?"

"பன்னெண்டுக்கு ஒருக்கா நல்லா வலிக்குமுங்க."

மிருதுளா அதையும் எழுதினாள். கோகிலவாணி கையெழுத்துப் போட்டாள்.

"ஒரு சாட்சி வேணும். கம்பெனி ஆளா இருக்கணும், ஆனா நான் போடக் கூடாது. மேனேஜர் வேற இல்ல." மிருதுளா எழுந்து போய்க் கண்ணாடியைத் தட்டினாள். ஹாலில் இருந்த ஒரே ஆள் நிமிர்ந்து பார்த்தாள். மிருதுளா கைகாட்டி மேலே கூப்பிட்டாள்.

கோகிலவாணி வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். ஏன் வேண்டாம் என்று கேட்டால் சொல்வதற்கு அவளிடம் எதுவும் இல்லை.

பேச்சி பெட்டியை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, பஞ்சு உதிராதபடி புடவையை ஒடுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கோகிலவாணியைப் பார்க்கவில்லை.

"இவங்க கையெழுத்துப் போட்டதுக்கு நீங்க சாட்சிக்கா" என்றாள் மிருதுளா. "இந்த எடத்துல போட்டாப் போதும்."

பேச்சி பேனாவை வாங்கிக்கொண்டாள். போடவில்லை. முகத்துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, தாளைத் தன் பக்கம் திருப்பி, முதல் வரியின் கீழே விரலை வைத்தாள். உதடு மெல்ல அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். 'மேற்படி அசைவு கை வலியினால் ஏற்பட்டது. வேறு எவருடனும் தொடர்பற்றது.' அந்த வரியில் விரல் நின்றது. திரும்ப அதன் தொடக்கத்துக்குப் போனது. மறுபடியும் கடைசி வரைக்கும் வந்தது.

இந்தத் தடவை கோகிலவாணி வேறு பக்கம் பார்க்கவில்லை. பேச்சியின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்வதற்கு நேரம் இருந்தது. ஒன்றரை நொடியை விட அதிகமாகவே இருந்தது.

பேச்சி கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"கைவலி இப்பத் தேவலையாங்க மேடம்?" என்று கேட்டாள்.

"தேவலை" என்றாள் கோகிலவாணி.

பேச்சி பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். மிருதுளா அந்தத் தாளைப் பார்த்தாள். பேச்சி போன வாசலைப் பார்த்தாள். பிறகு கோகிலவாணியின் முகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தாள்.

"கால் மணி நேரம் ஆகும். மாத்தினதை நீங்க ஒரு தடவை பாத்துட்டுப் போகணும்" என்றாள். "ரூல்."

மெஷின்கள் நின்றன. இத்தனை நேரம் இரைச்சல் இருந்தது என்பது அது நின்றபோதுதான் தெரிந்தது. நூற்றிருபது கைகளும் டேபிளின் மேல் மல்லாந்து கிடந்தன. அந்த அமைதியில் பேச்சியின் பெட்டி மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. இரண்டாம் வரிசையை முடித்து ஓரத்துக்கு வந்துகொண்டிருந்தாள்.

மிருதுளா எதையோ அழுத்தினாள். கைகள் எழுந்தன. ஓரத்தைத் தள்ளின, தடவின, வளைவில் சுண்டுவிரலைத் தூக்கின. பீஸ் முடிந்தது. இடது கை நேராக முன்னால் போய் அடுத்ததை எடுத்துக்கொண்டது. பக்கம் திரும்பவே இல்லை. தையல் கெடவில்லை. முன்னைவிட நன்றாகக்கூட இருந்தது.

"ஒண்ணும் குறையல" என்றாள் மிருதுளா மெதுவாக.

பேச்சி பதினாலாவது மெஷினுக்கு வந்தாள். குழாயைக் காலால் நிறுத்தி வைத்தாள். கோகிலவாணி தன்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பது. பத்து. பதினொன்று. பன்னிரண்டாவது பீஸ் முடிகிற நேரத்தில் பேச்சியின் விரல், பார்க்காமலே, அந்த இடத்துக்கு நீண்டது.

கை வரவில்லை.

விரல் காற்றில் சற்று நேரம் நின்றது. பிறகு பேச்சி, தூசி துடைக்கத்தான் நீட்டினவள் போல, அந்த விரலால் மெஷினின் விளிம்பை ஒரு தரம் துடைத்தாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். புடவையில் தேய்த்துக்கொண்டு, குழாயை எடுத்துக்கொண்டு பதினைந்தாவதுக்குப் போனாள்.